கோப்பி மலை தேயிலை மலையானபோது

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஒரு காரியத்துக்கென்று வைத்திருந்ததை இன்னொரு காரியத்துக்குத் திருப்புவது நம் வாழ்விலே அன்றாடம் நிகழ்வதுதான். நகைக்கென்று சேர்த்த பணம் மருந்துக்குப் போகிறது. நெல் விளைந்த காணியிலே வீடு எழுகிறது. பணத்தைத் திருப்பினால் பணம் முறையிடுவதில்லை. நிலமும் வாய் திறப்பதில்லை. ஆனால், மனிதரையும் அந்தக் கணக்கிலே ஓர் இலக்கமாகச் சேர்த்துத் திருப்பும்போது என்ன நேர்கிறது? இந்த நாட்டின் மலைப்பிரதேசத்திலே கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நடந்த ஒரு பெரிய மாற்றத்தை வைத்து இக்கேள்வியை இன்று சற்று ஆராயலாம் என்று எண்ணுகின்றேன். கோப்பி மலை தேயிலை மலையான கதை அது. இது இலக்கியத் தொடராதலால், இரண்டு எழுத்தாளர் கூறிய இரண்டு வாசகங்களின் பொருளை முதலிலே உங்கள் முன் வைக்கிறேன்.

ஷேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளனைப் படைத்த ஆர்தர் கொனன் டொயிலை நீங்கள் அறிவீர்கள். 1892ஆம் ஆண்டிலே 'டி புரொஃபண்டிஸ்' என்றொரு சிறுகதையை அவர் எழுதினார். இலங்கைத் தோட்ட முதலாளி ஒருவனைப் பற்றிய கதை. அதன் தொடக்கத்திலே, கோப்பி அழிந்தபின் ஒரு சில ஆண்டுகளுக்குள் அதே அளவு வளமான வேறொரு தொழிலை நிலைநாட்டிய துரைமாரின் நெஞ்சுரத்தை அவர் வியக்கிறார். வோட்டர்லூ போர்க்களத்திலே வெற்றியின் சின்னமாக ஒரு சிங்கச் சிலை நிற்கிறதல்லவா? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களும் அச்சிலைக்கு ஈடான வீரச் சின்னங்களே என்பது அவர் கருத்து.

மற்றவர் நம் சி. வி. வேலுப்பிள்ளை. 1954ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலே வெளியான அவருடைய நெடுங்கவிதை, 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் சக்தி அ. பாலையா அவர்களால் தமிழாக்கப்பட்டது. அக்கவிதையிலே சி. வி. அதே தேயிலைச் செடிகளைப் பார்க்கிறார். அவற்றின் அடியிலே தம்மவர் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதையும், அவர்களை நினைவுகூர ஒரு கல்லோ ஒரு பூவோ இல்லாதிருப்பதையும் சொல்லிக் கலங்குகிறார்.

ஒரே மலை. ஒருவருக்கு அது நினைவுச் சின்னம். மற்றவருக்கு நினைவுச் சின்னம் இல்லாத இடுகாடு. இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையே இருப்பது என்ன? அதை அறிய நாம் வரலாற்றுக்குள் சற்று நுழைய வேண்டியிருக்கிறது.

1820களிலே கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், கன்னொறுவையிலே ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸும் கோப்பியைப் பெருந்தோட்டப் பயிராக நட்டார்கள். அடுத்த அரை நூற்றாண்டிலே கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகள் மளமளவென்று சாய்ந்தன. 1878 அளவிலே இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கர் நிலம் கோப்பியின் கீழ் இருந்தது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கென்றே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகையிரதப் பாதை போடப்பட்டு, 1867ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது.

இந்தச் செழிப்பின் நடுவிலேதான் 1869ஆம் ஆண்டு வருகின்றது. அந்த ஆண்டிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்ளி என்னும் அறிஞர் அதனைப் பரிசோதித்து, புதிய வகைப் பூஞ்சணம் என்று கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்கு 'பாழாக்குவது' என்று பொருள். பெயருக்கேற்பவே அது நடந்துகொண்டது. காற்றும் மழையும் அந்தத் தூளை மலைக்கு மலை பரப்பின. இலை உதிர்ந்தது, உதிர்ந்த கிளையிலே மீண்டும் துளிர்த்தது, துளிரும் உதிர்ந்தது. ஈற்றிலே மரம் காய்க்கும் வலுவை இழந்தது. 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆய்வாளர் இரண்டு ஆண்டுகள் தங்கி நோயின் போக்கைத் தெளிவாக விளக்கினார். ஆயினும் அதைத் தடுக்கும் மருந்தை அவராலும் கொடுக்க முடியவில்லை. இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பெருவழி திறந்துவிட்டது. 1884ஆம் ஆண்டிலே தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி முறிந்தபோது கோப்பிக் காலம் முடிந்துபோயிற்று எனலாம்.

இங்கே இலக்கிய அன்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு தற்செயல் உண்டு. நோய் கண்டறியப்பட்ட அதே 1869ஆம் ஆண்டிலேதான் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. மலையகத் தமிழிலே அச்சேறிய முதல் இலக்கியம் என்று ஆய்வாளர் இதனைச் சுட்டுவர். மு. நித்தியானந்தன் தமது 'கூலித் தமிழ்' நூலிலே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கும்மி என்றதும் பெண்கள் கைகொட்டிப் பாடும் பாட்டு நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கும்மி, கோப்பியை எவ்வாறு பயிரிட வேண்டும் என்பதைத் தோட்டத்து வேலைகளினூடே சொல்லிச் செல்லும் ஒரு வேளாண்மைப் பாட்டு. வேலை வாங்குபவர் பக்கத்திலே நின்று பாடப்பட்டது. பயிர் எப்படி வாழ வேண்டும் என்று அது அக்கறையோடு சொல்கிறது. பயிரை வாழ வைத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பது அதன் பொருளாக அமையவில்லை. நூல் அச்சான ஆண்டிலேயே பயிருக்கு மரணம் விதிக்கப்பட்டுவிட்டது.

அதன் பின்னர் துரைமார் செய்தது என்ன? முதலிலே சின்கோனாவை நம்பினார்கள். கொய்னா மருந்து எடுக்கும் மரப்பட்டை அது. 1861இலேயே ஹக்கலையில் நடப்பட்டிருந்தது. பலரும் ஒரே நேரத்தில் அதை நட்டார்கள், சந்தையிலே பட்டை குவிந்தது, விலை சரிந்தது. ஆகவே சில ஆண்டுகளுக்குள் அதையும் பிடுங்க வேண்டியதாயிற்று. மூன்றாவதாகத் தேயிலை வந்தது. லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் லண்டனுக்குப் போன முதல் பொதியின் நிறை 23 இறாத்தல் என்பர். 1875 அளவில் ஆயிரம் ஏக்கரைச் சுற்றியே நின்ற தேயிலை, 1895 அளவில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தொட்டது. பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகள் கப்பலேறிச் சென்று இங்கிலாந்திலே தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்று தேயிலையின் வரலாறு எழுதியோர் ஒரு செய்தி சொல்வதுண்டு. கோப்பிக்குப் போட்ட பாதை தேயிலையைச் சுமந்தது. கோப்பிக்கு வெட்டிய மலை தேயிலையை ஏற்றது. எதுவும் வீணாகவில்லை. கணக்குப் புத்தகத்தின்படி பார்த்தால் இதைவிடத் திறமையான மாற்றம் வேறொன்றைக் காண்பது அரிது. கொனன் டொயில் வியந்ததிலே வியப்பில்லை.

ஆனால் நேயர்களே, அந்தப் பட்டுப்போன கோப்பிக் கட்டைகளை வேரோடு தோண்டியது யார்? அந்தக் கைகளுக்கு இந்த மாற்றம் என்ன செய்தது? என் உரையின் மையமான விடயம் இதுவே.

கோப்பி ஒரு பருவப் பயிர். ஆண்டின் பிற்பகுதியிலே பழம் பறிக்கும் மாதங்களில் பெருந்தொகையான கைகள் வேண்டும். அது முடிந்தால் களை பிடுங்கவும் கிளை நறுக்கவும் சிலர் போதும். ஆகவே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆண்கள் கூட்டங்கூட்டமாகக் கங்காணிமாரின் பின்னே வந்தார்கள். பாக்கு நீரிணையைத் தோணியிலே கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக ஏறினார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே விழுந்தவர் அநேகர். எஞ்சியோர் பழம் பறித்தார்கள். பருவம் முடிந்ததும் அதே வழியால் ஊர் திரும்பினார்கள். அவர்கள் இரவிலே தலைசாய்ப்பதற்கென்று வரிசையாகக் கட்டப்பட்டவையே லயங்கள். ஒருவனுக்குச் சில மாதம் போதுமான இடம் அது. அந்தக் காலத்தை விரிவாக அறிய விரும்புவோர் இரா. சடகோபன் எழுதிய 'கண்டிச் சீமையிலே' என்ற நூலைப் பார்க்கலாம்.

தேயிலையோ பருவம் பார்ப்பதில்லை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியிலே மீண்டும் கொழுந்து கிள்ள வேண்டும்; இல்லையேல் இலை முற்றிவிடும். கிள்ளிய கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போய் வாட்டப்பட வேண்டும். பின்பு அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்த வேண்டும். ஆண்டு முழுவதும் வேலை. ஆண்களைவிடப் பெண்களின் கைகளே கொழுந்துக்கு அதிகம் வேண்டப்பட்டன. எனவே தோட்டத்துக்குக் குடும்பம் வேண்டியதாயிற்று. குடும்பம் வந்தால் தொட்டில் வரும். தொட்டில் வந்தால் அடுத்த தலைமுறை வரும். சில மாதத்துக்கென்று கட்டிய லயத்துக் காம்பராவிலே ஒரு குடும்பம் பிறந்து, வளர்ந்து, மணம் முடித்து, இறக்கலாயிற்று. பயிரை மாற்றியவர்கள் தாங்கள் ஒரு பயிரைத்தான் மாற்றுகிறோம் என்று எண்ணியிருக்கலாம். உண்மையிலே அவர்கள் வந்துபோவோரை வாழ்வோராக மாற்றினார்கள். ஒரு புதிய சமூகத்துக்கு அடி நாட்டினார்கள்.

இந்த மாற்றத்தின் சுவடு மொழியிலே இன்றும் இருக்கிறது. மலையகத்திலே பேச்சு வழக்கில் தேயிலை ஆலையை 'ஸ்டோர்' என்கிறார்கள். ஸ்டோர் என்றால் களஞ்சியம்தானே, ஆலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கத் தோன்றும். கோப்பியைச் சேர்த்துவைத்த கட்டடத்தைத் துரைமார் அவ்வாறு அழைத்தார்கள். பயிர் போனபின்னும் பெயர் கட்டடத்தோடு தங்கிவிட்டது என்று கொள்ள இடமுண்டு. 'கண்டிச் சீமை' என்ற சொல்லும் இவ்வாறானதே. கோப்பி கண்டியைச் சுற்றியிருந்த காலத்துச் சொல், தேயிலை நுவரெலியாவுக்கும் டிம்புளைக்கும் ஊவாவுக்கும் ஏறிய பின்னரும் தமிழகக் கிராமங்களிலே மலைநாடு முழுமைக்கும் பெயராக நின்றது.

'துண்டு' என்ற சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு தோட்டத்துத் தொழிலாளர் இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால், அவர்கள் பட்ட கடனைப் புதிய தோட்டம் கட்ட வேண்டும். கடன் இவ்வளவு, கட்டினால் ஆட்களை விடுவோம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஆட்கள் கடனோடு சேர்ந்து கைமாறினார்கள். 1921ஆம் ஆண்டிலே சட்டத்தின் மூலம் இம்முறை ஒழிக்கப்பட்டது. மனிதரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் திருப்புவதற்கு ஒரு சிறு கடதாசி போதுமாயிருந்த காலம் அது.

இனி நாட்டார் பாடல்களுக்கு வருவோம். நாட்டார் பாடலுக்குத் திகதி கிடையாது என்பார்கள். ஆனால் பாட்டிலே எந்தப் பயிர் முளைத்திருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு காலம் தெரிந்துவிடும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளையும், பின்வந்தோர் சேகரித்தவற்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கோப்பி பேசப்படும் பாடல்களிலே ஊரை விட்டு வந்த ஏக்கமும், கங்காணியின் பேச்சை நம்பி வந்த கசப்பும் முன்னே நிற்கும். தேயிலை பேசப்படும் பாடல்களிலே கூடையும் கொழுந்தும் மட்டுமன்றித் தாலாட்டும் ஒப்பாரியும் சேர்ந்துவிடுகின்றன. தாலாட்டுக்கு ஒரு குழந்தை வேண்டும். ஒப்பாரிக்கு ஊரிலே ஒரு சாவு வேண்டும். இவை இரண்டும் ஓரிடத்திலே பாடப்படுமாயின் அவ்விடம் தங்குமடம் அன்று. அது ஊர். இதை நிரூபிக்க வேறு பத்திரம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அரசாங்கங்கள் பத்திரத்தையே கேட்டன. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்து எழுதியது. 1928ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு, தோட்டத்து இந்திய மக்களுள் நூற்றுக்கு 40 முதல் 50 வரையானோர் நிரந்தரமாகக் குடியமர்ந்தவர் என்று கணித்திருந்தது. அப்படியிருந்தும், சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவு ஏது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர் நம் கவிஞர் சி. வி.தான். அவரைத் தெரிவுசெய்த மக்களே அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டு இல்லாதவரானார்கள். அவருடைய கவிதை 1954இல் வந்தது என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கும்போதுதான் அந்தக் கல்லும் பூவும் இல்லாத இடுகாட்டின் முழுப் பொருளும் விளங்கும். கல்லறை கேட்பது இறந்தோருக்காக மாத்திரமா? இங்கே எங்கள் தந்தையர் கிடக்கிறார்கள், ஆகவே இது எங்கள் மண் என்று உயிரோடு இருப்பவர்கள் காட்டுவதற்கும் அதுவே சான்று.

இவ்விடத்திலே நான் சொல்ல வந்த கருத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். நிலம் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது. முதல் மாறியது, பாதை மாறியது, வேலை மாறியது, வேலை செய்தவரின் வாழ்க்கையே மாறியது. மாறாதிருந்தது ஒன்றே: அவர்களைப் பற்றிப் பிறர் மனத்திலே பதிந்திருந்த படம். தேயிலைக் காலத்து மனிதரைக் கோப்பிக் காலத்துக் கண்ணாலேயே நாடு பார்த்தது. பருவத்துக்கு வந்தவன், பருவம் முடிந்தால் போகிறவன் என்ற அந்தப் பழைய எண்ணம், பயிர் அழிந்து 60 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு சட்டமாகவே எழுந்து நின்றது.

சட்டத்தின் பின்னே ஒப்பந்தம் வந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர். அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. நேயர்களே, இந்த இலக்கங்களைக் கவனியுங்கள். எவ்வளவு வட்டமான இலக்கங்கள்! மனிதரை வீடு வீடாகக் கேட்டு எண்ணினால் இலக்கம் இப்படி வட்டமாக வராது. மேசையிலே பங்கிட்டால்தான் வரும். ஹற்றனிலிருந்தும் பதுளையிலிருந்தும் தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். முன்னோர் நடந்து ஏறிய திசைக்கு எதிர்த்திசையிலே பேரப்பிள்ளைகள் இறங்கிப்போனார்கள்.

போன இடத்திலும் அவர்களை வரவேற்றது ஒரு பயிரே. தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே அவர்களுக்கென்று தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கேரளத்துப் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் றப்பர்த் தோட்டங்கள் அவர்களைக் கொண்டு நடத்தப்பட்டன. இங்கே இந்தியக்காரர் என்று அழைக்கப்பட்டவர் அங்கே 'சிலோன்காரர்' ஆனார். நீலகிரித் தோட்ட நிலத்தின் ஒரு பகுதியைக் காட்டு இலாகாவுக்கே திருப்பிக் கொடுப்பதென்று 2022ஆம் ஆண்டிலே தீர்மானிக்கப்பட்டது. நிலத்துக்குக் காடாகும் பேறு கிடைக்கிறது. அது நல்லதாகவே இருக்கலாம். அந்த நிலத்திலே வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர் இனி எதுவாக ஆவார் என்ற பழைய கேள்விதான் அங்கேயும் எழுகிறது.

கோகிலம் சுப்பையா 1964ஆம் ஆண்டிலே வெளியிட்ட நாவலுக்கு 'தூரத்துப் பச்சை' என்று பெயர் வைத்தார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் பழமொழி. கடலுக்கு அப்பாலிருந்து பார்த்தபோது கண்டிச் சீமை பச்சையாகத் தெரிந்தது. ஒப்பந்தக் காலத்திலே இங்கிருந்து பார்த்தபோது தாய்நாடு பச்சையாகத் தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, தெரியும்படி காட்டப்பட்டது என்பதே பொருந்தும்.

2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலே, 1964 முதல் இங்கு வாழ்ந்துவந்த எஞ்சியோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. 2023ஆம் ஆண்டிலே, மலையகம் 200 என்று சொல்லி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியே மக்கள் நடந்து வந்தார்கள். இம்முறை அவர்களை நடத்தி வந்தவன் கங்காணி அல்லன். தம் நினைவைத் தாமே சுமந்து நடந்தார்கள். சி. வி. கேட்ட கல்லும் பூவும் காலம் கடந்தேனும் வைக்கப்பட்டதாக நாம் அதனைக் கொள்ளலாம்.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. இன்று பல மலைகளிலே தேயிலை பின்வாங்குகிறது. சில இடங்களில் மரம் நடப்படுகிறது. துரையின் பங்களா உல்லாசப் பயணிகளின் விடுதியாகிறது. காணி வேறு காரியங்களுக்குப் போகிறது. மாற்றம் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நோயுற்ற கோப்பியைக் கட்டி அழுதிருந்தால் எவருக்கும் சோறு கிடைத்திராது. ஆனால் கட்டடத்துக்கும் காணிக்கும் புதிய பயனைத் தேடுவோர், லயத்திலே வாழ்பவரின் பெயருக்கும் வீட்டுக்கும் காணிக்கும் புதிய ஏற்பாட்டைத் தேடியிருக்கிறார்களா என்று கேட்பது எழுத்தாளரின் கடமை. 1869இல் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு கும்மி இருக்கவில்லை. இன்று எம்மிடம் கவிதை உண்டு, சிறுகதை உண்டு, நாவல் உண்டு, எழுதுவதற்கு லயத்திலே பிறந்த பிள்ளைகள் உண்டு. அடுத்த பயிரின் பாட்டை எழுதும்போது, அந்தப் பயிரை நடுபவரின் பெயரையும் முதலடியிலேயே அவர்கள் எழுதிவிடுவார்கள் என்று நம்புவோமாக.